வேலை தருபவர் இல்லாமல் கிரீன் கார்டு: என்ஐடபிள்யூ, இபி-1ஏ, இபி-5 மூன்றில் எது யாருக்கு?

அமெரிக்காவில் வேலைவழிக் குடியேற்றத்தின் வழக்கமான பாதை முழுக்க நிறுவனத்தின் கையில் இருக்கிறது. லேபர் சர்டிபிகேஷனுக்கு (அந்த வேலைக்கு அமெரிக்கத் தொழிலாளர் கிடைக்கவில்லை என்ற அரசுச் சான்று) விளம்பரம் கொடுப்பதும், ஐ-140 என்ற குடியேற்ற மனுவைப் போடுவதும் அவர்கள்தான். ஆள்குறைப்பு வந்தால் பாதியில் இருக்கும் வேலை எல்லாம் அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் "கம்பெனி தயவில்லாமல் நானே மனு போட முடியாதா?" என்ற கேள்வி அடிக்கடி வருகிறது.

முடியும். சட்டத்தில் அதற்கு மூன்று வழிகள் உண்டு (இபி என்பது வேலைவழிக் குடியேற்றப் பிரிவுகளின் சுருக்கம்). இபி-2 பிரிவில் தேசிய நலன் கருதி வேலைவாய்ப்பு நிபந்தனையைத் தளர்த்தும் என்ஐடபிள்யூ ஒன்று. அசாதாரணத் திறமையாளருக்கான இபி-1ஏ இரண்டாவது. முதலீட்டாளருக்கான இபி-5 மூன்றாவது. மூன்றிலும் மனுதாரர் நீங்களே.

பலரும் இவற்றில் எது எளிது என்று கேட்டுத்தான் தொடங்குகிறார்கள். தமிழ்நாட்டில் பிறந்தவருக்கு அந்தக் கேள்வி பெரும்பாலும் தவறான இடத்துக்கே கொண்டுபோகும். மனு எளிதாக ஒப்புதல் பெறலாம், கார்டு கைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆகலாம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும்:

1. எந்த வரிசையில், எந்தத் தேதியுடன் நிற்பீர்கள்
2. எதை, எவ்வளவு நிரூபிக்க வேண்டும்
3. கட்டணம் போக வெளியே தெரியாத செலவு என்ன
4. காத்திருக்கும் காலத்தில் அந்த ஒப்புதல் எதற்குப் பயன்படும்
5. பிள்ளைகளுக்கு 21 வயது எப்போது ஆகிறது

இவற்றில் முதலாவதே பாதி முடிவைச் சொல்லிவிடும். அதை முதலில் தீர்த்துவிடலாம்.

## பிறந்த நாடுதான் கணக்கு, பாஸ்போர்ட் அல்ல

ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு ஆண்டு விசாக்களில் 7 சதவீதம் என்ற உச்சவரம்பு இருக்கிறது. எந்த நாட்டுக் கணக்கு என்பதைப் பிறந்த இடம் தீர்மானிக்கும், குடியுரிமை அல்ல. உங்கள் மனு வரிசையில் சேர்ந்த நாள்தான் முன்னுரிமைத் தேதி. அது இறுதி நடவடிக்கைத் தேதிக்கு முந்தையதாக இருந்தால்தான் கார்டு கிடைக்கும். அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினில், 2025 அக்டோபரில் அந்த இறுதி நடவடிக்கைத் தேதிகள் இப்படி இருந்தன (ஒதுக்கீடு என்பது சில வகை இபி-5 முதலீடுகளுக்கெனத் தனியே எடுத்துவைத்த விசாக்கள்):

| பிரிவு | இந்தியாவில் பிறந்தவர் | இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவில் பிறந்தவர் |
|---|---|---|
| இபி-1 | 15 பிப்ரவரி 2022 | காத்திருப்பு இல்லை |
| இபி-2 (என்ஐடபிள்யூ இதில் அடக்கம்) | 1 ஏப்ரல் 2013 | 1 டிசம்பர் 2023 |
| இபி-5, ஒதுக்கீடு இல்லாதது | 1 பிப்ரவரி 2021 | காத்திருப்பு இல்லை |
| இபி-5, கிராமப்புற மற்றும் பிற ஒதுக்கீடு | காத்திருப்பு இல்லை | காத்திருப்பு இல்லை |

இந்தத் தேதிகள் மாதந்தோறும் நகரும், சில மாதங்களில் பின்னாலும் போகும். அந்தந்த மாதப் புல்லட்டினைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் பத்திகளுக்கு இடையிலான இடைவெளியைப் பாருங்கள். அந்த மாதக் கணக்குப்படி யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்கு என்ஐடபிள்யூ இரண்டு மூன்று ஆண்டுக் காத்திருப்பு. மதுரையில் பிறந்தவருக்கு அதே மனு, அதே தகுதி, பத்தாண்டுக்கு மேல்.

இங்கே பலர் கவனிக்காமல் விடுவது மூன்று:

- கணவன் மனைவியில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டுக் கணக்கைப் பயன்படுத்தலாம். கணவர் திருநெல்வேலி, மனைவி கொழும்பு என்றால் கணவரின் மனு இலங்கை வரிசைக்குப் போகும். இருவரும் சேர்ந்தே குடியேற வேண்டும் என்பது நிபந்தனை. பிள்ளை பிறந்த நாட்டைப் பெற்றோர் இப்படிப் பயன்படுத்த முடியாது.
- வளைகுடாவில் பிறந்தவர்கள். மஸ்கட்டில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர் ஓமன் கணக்கு. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பதால் இந்திய வரிசை என்று தாங்களே நினைத்துக்கொள்பவர்கள் இதில் அதிகம்.
- ஈழத்துப் பெற்றோருக்குத் தமிழ்நாட்டில் பிறந்தவர்கள் முதல் பார்வையில் இந்தியக் கணக்கு. அந்தப் பிறப்பின்போது பெற்றோர் இருவருமே இந்தியாவில் பிறக்காதவர்களாகவும் இங்கு வசிப்பிடம் இல்லாதவர்களாகவும் இருந்திருந்தால் பெற்றோரின் நாட்டைக் கோரச் சட்டத்தில் இடம் உண்டு. முகாமில் இருந்தது வசிப்பிடமா இல்லையா என்பது வாதத்துக்குரியது. இதை மட்டும் வக்கீலிடம் காட்டாமல் முடிவுசெய்யக் கூடாது.

## என்ஐடபிள்யூ

யார் போடலாம். முதலில் இபி-2 தகுதி வேண்டும். பெரும்பாலோருக்கு அது முதுகலைப் பட்டம், அல்லது இளங்கலைப் பட்டமும் அதன்பின் அதே துறையில் படிப்படியாக உயர்ந்த ஐந்தாண்டு அனுபவமும். நம்மவர்கள் இடறுவது இங்கேதான். மூன்றாண்டு பி.எஸ்சி., பி.காம். மட்டும் அமெரிக்க இளங்கலைக்கு ஈடாகாது. அனுபவத்தைச் சேர்த்து ஈடுகட்டும் எச்-1பி (தற்காலிக வேலை விசா) கணக்கு இங்கே செல்லாது. மேலே எம்.எஸ்சி. அல்லது எம்.சி.ஏ. இருந்தால் நிலைமை மாறும், ஆனால் எந்தப் பட்டம் எதற்கு ஈடு என்ற மதிப்பீட்டு அறிக்கையை மனு எழுதும் முன்பே வாங்கிப் பார்த்துவிடுங்கள். பி.இ., பி.டெக். படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 2025 ஜனவரி 15 வழிகாட்டுதலுக்குப் பிறகு, நீங்கள் செய்யப்போகும் பணியும் உங்கள் பட்டமும் ஒரே துறையைச் சேர்ந்தவையா என்றும் பார்க்கிறார்கள். மெக்கானிக்கல் பட்டம், திட்டம் மட்டும் நிதித் தொழில்நுட்பம் என்றால் விளக்கம் தயாராக இருக்க வேண்டும்.

எதை நிரூபிக்க வேண்டும். தனசார் என்பவரின் என்ஐடபிள்யூ மனு மீது 2016 டிசம்பரில் வந்த தீர்ப்பு மூன்று கேள்விகளை வைத்தது. முயற்சிக்கு உண்மையான மதிப்பும் தேசிய முக்கியத்துவமும் உண்டா? அதை முன்னெடுத்துச் செல்லும் நிலையில் நீங்கள் இருக்கிறீர்களா? வேலைவாய்ப்பு நிபந்தனையைத் தளர்த்துவது நாட்டுக்கு நன்மையா?

மனுக்கள் அதிகம் விழுவது முதல் கேள்வியில். "செயற்கை நுண்ணறிவு அமெரிக்காவுக்கு முக்கியம், நான் அதில் இருக்கிறேன்" என்று எழுதினால் முக்கியத்துவம் துறைக்குத்தான் கிடைக்கும், உங்கள் முயற்சிக்கு அல்ல. தனசார் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: அவர் விண்வெளி உந்துவிசை ஆய்வும் செய்வேன், கல்லூரியில் பாடமும் நடத்துவேன் என்றார். ஆய்வுக்குத் தேசிய முக்கியத்துவம் இருக்கிறது என்று ஏற்ற தீர்ப்பு, பாடம் நடத்துவதற்கு மதிப்பு உண்டு, ஆனால் அதன் பலன் அவர் மாணவர்களைத் தாண்டிப் போவதாகக் காட்டப்படவில்லை என்றது. ஒரு நிறுவனத்துக்குள் மட்டும் பயன் தரும் மென்பொருள் வேலைக்கும் இதே கதிதான்.

இரண்டாவது கேள்விக்கு இதுவரை செய்ததே சாட்சி: மேற்கோள்கள், காப்புரிமை பயன்பாட்டில் இருப்பது, நிதியுதவி, வாடிக்கையாளர் ஒப்பந்தம். பரிந்துரைக் கடிதங்கள் ஆறேழு போதும். அவற்றில் பாதியாவது உங்களோடு வேலை பார்க்காதவர்களிடமிருந்து வர வேண்டும். ஒரே வார்ப்புருவில் எழுதிய கடிதங்களை அதிகாரி ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். ஏஜென்சிகள் விற்கும் 40 பக்க வணிகத் திட்டங்களும் அப்படியே.

படிவத்தில் தவறுவது. லேபர் சர்டிபிகேஷன் தளர்த்தப்பட்டாலும், இடிஏ-9089 படிவத்தின் பின்னிணைப்பு ஏ-யும் கையெழுத்திட்ட இறுதித் தீர்மானப் பக்கமும் என்ஐடபிள்யூ மனுவோடு போக வேண்டும். இபி-1ஏ-க்கு இவை தேவையில்லை. அதனால் இரண்டையும் ஒன்றாகத் தயாரிப்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

காத்திருக்கும்போது என்ன பயன். இந்தியாவில் பிறந்து எச்-1பியில் இருப்பவருக்கு இதுதான் என்ஐடபிள்யூவின் உண்மையான மதிப்பு. ஒப்புதல் பெற்ற ஐ-140 யாருடையதாக இருந்தாலும், வரிசை வராதவரை எச்-1பியை ஆறாண்டுக்கு அப்பால் மும்மூன்று ஆண்டாக நீட்டிக்கலாம். எச்-4 என்ற துணைவர் விசாவில் இருக்கும் மனைவிக்கோ கணவருக்கோ வேலை அனுமதி கேட்கலாம். நிறுவனம் திரும்பப் பெற முடியாத ஐ-140 இது. ஆனால் வேலை போன பிறகு 60 நாள் அவகாசத்தில் இது தனியாக உங்களைக் காப்பாற்றாது; ஐ-140 ஒப்புதல் என்பது தங்கும் அனுமதி ஆகாது.

எப்போது வீண். நிறுவனம் போட்ட இபி-2 ஐ-140 ஒப்புதலாகி 180 நாள் கடந்துவிட்டதா? பிறகு அவர்கள் அதைத் திரும்பப் பெற்றாலும் பொதுவாக உங்கள் தேதியும் எச்-1பி நீட்டிப்பு உரிமையும் போகாது. அந்த நிலையில் என்ஐடபிள்யூ அதே வரிசையில் அதே இடத்தையே தருகிறது. அந்தப் பணத்தை இபி-1ஏ-யில் போடுவது மேல்.

மருத்துவர்களுக்குத் தனி விதி. மருத்துவர் பற்றாக்குறைப் பகுதியிலோ முன்னாள் படைவீரர் மருத்துவமனையிலோ ஐந்தாண்டு முழுநேரம் பணியாற்றச் சம்மதித்தால் என்ஐடபிள்யூ உண்டு. மனுவை முதலிலேயே போடலாம், ஐந்தாண்டு முடிந்த பிறகே கார்டு. ஜே-1 (பரிமாற்றத் திட்ட) விசாவில் வந்து இரண்டாண்டு தாய்நாடு திரும்பும் நிபந்தனை உள்ளவர், அதற்கு விலக்கு வாங்காமல் ஐ-485 (அமெரிக்காவில் இருந்தபடியே கார்டு கேட்கும் விண்ணப்பம்) போட முடியாது.

## இபி-1ஏ

எதை நிரூபிக்க வேண்டும். பட்டம் எதுவும் கட்டாயமில்லை. நோபல் அளவிலான ஒரு பரிசு, அல்லது பத்து அளவுகோல்களில் குறைந்தது மூன்று. 2010-ல் வந்த கசாரியன் தீர்ப்புக்குப் பின் பரிசீலனை இரண்டு படி: முதலில் மூன்று எண்ணிக்கை தேறுகிறதா, பிறகு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் துறையின் உச்சியில் இருக்கும் சிலரில் ஒருவரா. மூன்று டிக் போட்டுவிட்டால் முடிந்தது என்று நினைப்பவர்கள் இரண்டாம் படியில் மாட்டுகிறார்கள்.

தொழில்நுட்பத் துறையினர் வழக்கமாகக் கையில் எடுப்பவை நான்கு:

*பிறர் படைப்பை மதிப்பிட்டது.* அழைப்புக் கடிதம் போதாது. மதிப்பீடு சமர்ப்பித்ததற்கு ஒப்புகை வேண்டும். ஆனால் இது எல்லாரிடமும் இருப்பதால் இரண்டாம் படியில் எடை குறைவு.

*முக்கியப் பொறுப்பு.* நிறுவனம் பெயர்பெற்றது என்பதற்கும், உங்கள் பங்கு இல்லாமல் அந்த விளைவு இல்லை என்பதற்கும் தனித்தனிச் சான்று. பதவிப் பெயர் சான்று ஆகாது. எண்களோடு எழுதிய மேலாளர் கடிதம் சான்று.

*உயர் ஊதியம்.* அதே பணி, அதே ஊர் என்று ஒப்பிட வேண்டும். சான் ஹோசே சம்பளத்தை நாட்டுச் சராசரியோடு ஒப்பிட்டால் அதிகாரி ஏற்கமாட்டார். நிறுவனம் தரும் பங்குகளையும் சேர்க்கலாம், டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளச் சான்றில் தெரிந்தால்.

*மூலப் பங்களிப்பு.* கடினமானது, ஆனால் இரண்டாம் படியில் மனுவைத் தூக்கி நிறுத்துவதும் இதுதான். உங்கள் முறையை வெளியார் எடுத்துப் பயன்படுத்தியதைக் காட்ட வேண்டும்.

உறுப்பினர் அந்தஸ்தில் எச்சரிக்கை வேண்டும். ஐஇஇஇ என்ற பொறியாளர் சங்கத்தின் ஃபெல்லோ செல்லும். அனுபவ ஆண்டுகளை வைத்துத் தரும் சீனியர் மெம்பர் பொதுவாகச் செல்லாது. நுழைவுக்கட்டணம் கட்டினால் கிடைக்கும் சர்வதேச விருதுகள், பணம் கொடுத்துப் பெயர் சேர்த்த ஆய்வுக்கட்டுரைகள், விளம்பரப் பேட்டிகள் இவற்றுக்கு ஒரு சந்தையே நடக்கிறது. மனு நிராகரிக்கப்பட்டால் மறுபடி போடலாம். மோசடி என்று தீர்மானம் வந்தால் எல்லா விசாவுக்கும் நிரந்தரத் தடை. இதைவிட மோசமான முதலீடு இல்லை.

வேலைவாய்ப்புக் கடிதம் வேண்டாம் என்றாலும், அமெரிக்காவில் இதே துறையில் தொடர்வேன் என்பதற்கு ஏதாவது காட்ட வேண்டும்: ஒப்பந்தங்கள், வருங்கால வேலை தருபவரின் கடிதம், அல்லது விரிவான திட்ட அறிக்கை.

எப்போது இதுவே சரி. இந்தியாவில் பிறந்து, 2022-க்கு முந்தைய முன்னுரிமைத் தேதியோடு இபி-2 அல்லது இபி-3 ஐ-140 ஒப்புதல் வைத்திருப்பவருக்கு இதற்கு ஈடு எதுவும் இல்லை. பழைய தேதியை இபி-1ஏ மனு எடுத்துக்கொள்ளும். 2018 தேதியுடன் இபி-2 வரிசையில் இன்னும் பல ஆண்டு நிற்க வேண்டியவர், இபி-1ஏ ஒப்புதலானதும் அமெரிக்காவில் இருந்தபடியே ஐ-485 போடும் நிலைக்கு வந்துவிடுவார். நிறுவனம் வழியாக ஏற்கெனவே வரிசையில் நிற்கும் தமிழ்நாட்டுக்காரர் முதலில் எடைபோட வேண்டியது இதைத்தான்.

இலங்கையில் பிறந்தவருக்கு இந்த அவசரம் இல்லை. அவருக்கு என்ஐடபிள்யூ வரிசையும் சகிக்கக்கூடியதே. சாதனைப் பட்டியல் நடுத்தரமாக இருந்தால் இபி-1ஏ-வை வலிந்து இழுக்கத் தேவையில்லை.

## இரண்டுக்கும் பொதுவான செலவும் சறுக்கலும்

ஐ-140 கட்டணம் 715 டாலர். அதோடு புகலிடத் திட்டக் கட்டணம், சுயமாக மனு போடுபவருக்கு 300 டாலர். இரண்டையும் தனித்தனியாகச் செலுத்த வேண்டும். படிவத்தில் 25 அல்லது அதற்கும் குறைவான ஊழியர்களா என்ற கேள்விக்குச் சுயமனுதாரர் "ஆம்" என்று குறிக்காவிட்டால் 600 டாலர் கேட்டு உறை அப்படியே திரும்பி வரும். 2025 அக்டோபர் 28 முதல் காகிதக் காசோலை ஏற்பதில்லை. கார்டுக்கு ஜி-1450, வங்கிக் கணக்குக்கு ஜி-1650 படிவம். பிரீமியம், அதாவது விரைவுப் பரிசீலனைக் கட்டணம் 2026 மார்ச் முதல் 2,965 டாலர். இபி-1ஏ-க்கு 15 வேலை நாளில் பதில், என்ஐடபிள்யூவுக்கு 45 வேலை நாளில். கூடுதல் சான்று கேட்டால் அந்தக் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். வக்கீல் கட்டணம் இதற்கெல்லாம் மேல், பல ஆயிரம் டாலர்.

சாதனைகள் மனு போடும் நாளன்று கையில் இருக்க வேண்டும். அடுத்த மாதம் வரப்போகும் கட்டுரையோ பரிசோ அந்த மனுவுக்கு உதவாது.

எஃப்-1 மாணவருக்கும் சுற்றுலா விசா எடுப்பவருக்கும் மறைமுக விலை ஒன்று உண்டு. ஐ-140 போட்டதை அடுத்த விசா விண்ணப்பத்தில் சொல்ல வேண்டும். குடியேறும் எண்ணம் பதிவாகிவிடும். ஊருக்குப் போய் விசா முத்திரை வாங்கவேண்டிய மாணவர், போய்வந்த பிறகு மனு போடுவது நல்லது. எச்-1பி, எல்-1 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

## இபி-5

எவ்வளவு. கிராமப்புறம் அல்லது வேலையின்மை அதிகமான பகுதி என்றால் 8,00,000 டாலர், மற்ற இடங்களில் 10,50,000 டாலர். 2022 மார்ச் சீர்திருத்தச் சட்டம் வைத்த தொகை இது; 2027 ஜனவரியில் பணவீக்கத்துக்கு ஏற்ப உயரும். பத்து முழுநேர வேலைகள் உருவாக வேண்டும். மண்டல மையம் (பல முதலீட்டாளர்களின் பணத்தைத் திரட்டும், அரசு அங்கீகரித்த அமைப்பு) வழியாக என்றால் மறைமுக வேலைகளும் கணக்கில் வரும். மையங்களின் நிர்வாகக் கட்டணம் தனி, அது திரும்பாது. முதலில் கிடைப்பது இரண்டாண்டு நிபந்தனைக் கார்டு. பிறகு ஐ-829 போட்டு நிபந்தனையை நீக்க வேண்டும். முதலீடு உண்மையிலேயே இடரில் இருக்க வேண்டும் என்பது சட்டம். உத்தரவாதத்தோடு பணம் திரும்பும் என்று சொல்லும் தரகர் உங்கள் மனுவையே கெடுக்கிறார்.

எங்கே மாட்டும். பணம் எங்கிருந்து வந்தது என்ற சான்றில். தமிழ்நாட்டில் மனை விற்ற பணம் என்றால், பத்திரத்தில் காட்டிய தொகைக்கு மேல் கையில் வாங்கியதை ஒரு டாலர்கூடக் காட்ட முடியாது. வழிகாட்டி மதிப்புக்குப் பதிவுசெய்து மீதியை ரொக்கமாக வாங்கியவர்களின் திட்டம் இங்கேயே முடிந்துவிடும். அடுத்து, இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்தான் வெளியே அனுப்பலாம். குடும்பத்தார் தங்கள் வரம்பில் அனுப்பி உதவினால் அதை அன்பளிப்பாக ஆவணப்படுத்தி, ஒவ்வொருவரின் வருமான மூலத்தையும் காட்ட வேண்டும். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரி பிடிப்பார்கள். வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் அதுவரை அந்தப் பணம் முடங்கும். வெளிநாட்டுவாழ் இந்தியர் என்ஆர்ஓ கணக்கிலிருந்து (இந்திய வருமானத்துக்கான அவர்களின் வங்கிக் கணக்கு) ஆண்டுக்கு 10 லட்சம் டாலர்வரை எடுத்துப்போகலாம் என்பதால் அவர்களுக்குச் சற்றுச் சுலபம்.

எப்போது சரி. இந்தியாவில் பிறந்தவர், பழைய முன்னுரிமைத் தேதி இல்லை, இபி-1ஏ-க்குச் சாதனை போதாது, கணக்கில் வந்த பணம் இருக்கிறது. அப்படியானால் கிராமப்புறம் போன்ற ஒதுக்கீட்டு இபி-5 ஒன்றுதான் வரிசையைத் தாண்டும் வழி. அமெரிக்காவில் ஏற்கெனவே சட்டப்படி இருப்பவர் இபி-5 மனுவான ஐ-526இ-யோடு ஐ-485-ஐயும் சேர்த்துப் போட்டு, வேலை அனுமதியும் வாங்கலாம். ஆனால் இபி-2-வில் உள்ள பழைய தேதி இபி-5-க்கு மாறாது, இபி-5 தேதி மற்றவற்றுக்கும் மாறாது.

10 லட்சம் டாலர் நன்கொடை கேட்கும் கோல்டு கார்டு பற்றியும் ஒரு சொல். 2025 செப்டம்பர் அரசாணை வழி வந்தது; 15,000 டாலர் செயலாக்கக் கட்டணம் தனி. நன்கொடை திரும்பாது. அதற்கான விசா எண்களும் இபி-1, இபி-2 கணக்கிலிருந்தே எடுக்கப்படுகின்றன. அதாவது நாட்டு உச்சவரம்பு அங்கேயும் துரத்தும்.

## சேர்த்துப் போடலாமா?

தாராளமாக. ஒரே நேரத்தில் என்ஐடபிள்யூவும் இபி-1ஏ-வும் தனித்தனி மனுவாகப் போடத் தடையில்லை. இதுவரை எந்த ஐ-140-யும் இல்லாத இந்தியருக்கு இது நல்ல வரிசைமுறை: என்ஐடபிள்யூவை இன்று போட்டுத் தேதியைப் பிடித்துக்கொள்வது, இரண்டு மூன்று ஆண்டில் சாதனையை வளர்த்து இபி-1ஏ போட்டு அந்தத் தேதியை அதற்குக் கொண்டுபோவது. இரண்டு மனுவிலும் துறையையும் திட்டத்தையும் ஒரே மாதிரி விவரியுங்கள். ஒன்றில் ஆராய்ச்சியாளர், இன்னொன்றில் தொழில்முனைவர் என்று இருந்தால் இரண்டையும் அருகருகே வைத்துக் கேள்வி வரும்.

பிள்ளைகள் பெரியவர்களாக இருந்தால் பிரீமியம் போடும் முன் யோசிக்க வேண்டும். 21 வயதுக் கணக்கில், விசா எண் கிடைக்கும் நாளன்று உள்ள வயதிலிருந்து ஐ-140 நிலுவையில் கிடந்த நாட்களைக் கழிப்பார்கள். மகளுக்கு அன்று 21 வயது 4 மாதம், மனு 14 மாதம் கிடந்தது என்றால் சட்டப்படி அவள் வயது 20 ஆண்டு 2 மாதம், கார்டு உண்டு. பிரீமியத்தில் இரண்டு மாதத்தில் முடித்திருந்தால் 21 ஆண்டு 2 மாதம்; இல்லை. 2025 ஆகஸ்ட் 15-க்குப் பின் போடும் விண்ணப்பங்களுக்கு இந்தக் கணக்கில் இறுதி நடவடிக்கைத் தேதி மட்டுமே செல்லும். அதனால் வரிசை நீளமாக இருந்து பிள்ளை பத்து வயதைத் தாண்டியிருந்தால் சாதாரண முறையில் போடுங்கள். எச்-1பி ஆறாண்டு முடிவு நெருங்கினாலோ எச்-4 அனுமதி அவசரமாக வேண்டியிருந்தாலோ, நிலுவையில் இருக்கும் மனுவுக்கு ஐ-907 என்ற பிரீமியம் படிவத்தைப் பிறகு தனியாக அனுப்பிக்கொள்ளலாம்.